கேமரா பிடிக்கிறது, பதில் சொல்வது யார்?

வழியில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை, ரசீதும் கிழிப்பதில்லை. இரண்டு மாநிலம் தள்ளி லோடு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், உரிமையாளரின் செல்போனுக்கு அபராதத் தகவல் வந்து சேர்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி ஆபீஸ்களில் இதை ‘ஆன்லைன் கேஸ்’ என்கிறார்கள். நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனம், வண்டியை நிறுத்தி விசாரிக்காமல் போடப்படும் இந்த வழக்குகளுக்கு எதிராகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறது.

விதியை மீறிய வண்டிக்கு அபராதம் வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது. சாலையில் போகும் உயிர்கள் எல்லாருக்கும் பொதுவானவை. லாரிக்காரர்கள் எழுப்பும் கேள்வி வேறு: இந்த முடிவை எடுத்தது யார், தவறு என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? செயற்கை நுண்ணறிவு நம் வாழ்க்கைக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் எழ வேண்டிய கேள்வி இது. சேலம், நாமக்கல் சமவெளியில் லாரி ஆபீஸுக்கும், மல்லசமுத்திரத்தில் கணினி முன் அமர்ந்திருக்கும் பட்டதாரிக்கும், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளி விவசாயிக்கும் இது ஒரே கேள்விதான்.

கேமரா எப்படிப் பிடிக்கிறது?

வண்டி எண்ணைப் படிக்கும் கேமரா முதலில் படத்தில் எண் பலகை எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. பிறகு எழுத்துகளையும் எண்களையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்னவாக இருக்கும் என்று கணிக்கிறது. கிடைத்த எண்ணை மத்திய அரசின் ‘வாகன்’ தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கிறது. பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களில் சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டியின் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை நடப்பில் உள்ளனவா என்றும் இப்படியே சரிபார்க்கப்படுகிறது.

இன்னொரு வகைக் கேமரா, எண்ணோடு சேர்த்து ஆளின் செயலையும் பார்க்கிறது. நாமக்கல் முட்டை நாள்தோறும் போகும் கேரளத்தில், ‘சேஃப் கேரளா’ திட்டத்தின் 726 கேமராக்கள் 2023 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டு, ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கின. இவற்றில் 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், ஓட்டும்போது செல்போன் ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு கண்டறிபவை.

இரண்டு வகையிலும் கருவி சொல்வது ஒரு கணிப்பு. சேறு படிந்த பலகையில் 8 என்ற எண் 3 போலத் தெரியலாம், ‘பி’ என்ற ஆங்கில எழுத்து 8 ஆகலாம். வேறொருவர் போலி எண் பலகை மாட்டி ஓட்டினால், கேமரா சரியாகவே படித்தாலும் அபராதம் பட்டறையில் நிற்கும் உங்கள் வண்டிக்குத்தான் வரும். லட்சக்கணக்கான வண்டிகளைப் பார்க்கும் கருவி நூற்றில் ஒன்று தவறினாலும், பாதிக்கப்படுவோர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதில் சிக்கும் ஒற்றை லாரி வைத்திருக்கும் டிரைவருக்கு, ஆயிரமோ இரண்டாயிரமோ அந்த நடையின் லாபம் முழுவதுமாக இருக்கலாம். கட்டாமல் விட்டால் எஃப்.சி., பெர்மிட் புதுப்பிக்கும்போது வந்து நிற்கும்.

கையெழுத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா?

நம் சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்ட்டில் 167ஏ என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. கண்காணிப்புக் கருவிக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறது அந்த விதி. கேமரா இருப்பதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே காட்டும் அறிவிப்புப் பலகை வேண்டும். குற்றம் நடந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் விதிமீறலும் எண் பலகையும் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், எந்தச் சட்டப் பிரிவு, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். கடைசியாக, மாநில அரசு அதிகாரம் அளித்த ஒருவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் இதில் உயிரானது. கருவி பார்க்கலாம், அளக்கலாம், பட்டியல் போடலாம். குற்றம் என்று தீர்மானித்துக் கையெழுத்திடுவது மனிதரின் வேலை என்று சட்டம் சொல்கிறது. கையெழுத்திட்டவர் அந்தப் படத்தைப் பார்த்தாரா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நெதர்லாந்தில் 2023இல் ஒருவருக்கு, காரோட்டும்போது செல்போன் பேசியதாக 380 யூரோ அபராதம் வந்தது. படத்தை வாங்கிப் பார்த்தால் அவர் கையில் எதுவுமே இல்லை, தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அங்கே கேமரா பிடிக்கும் படத்தை மனிதர் ஒருவர் சரிபார்த்த பிறகே அபராதம் போகும். அவரும் கருவி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிவிட வேண்டிய இடத்தில் உட்காரும் எவருக்கும் இது நேரும். நடுவில் ஒரு மனிதரை உட்காரவைத்தால் மட்டும் பொறுப்பு வந்துவிடாது. மறுத்துச் சொல்லும் அதிகாரமும், நிதானமாகப் பார்க்கும் நேரமும் அவருக்குத் தரப்பட வேண்டும்.

மல்லசமுத்திரத்தில் பாடம் எடுப்பவர்கள்

கருவிகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பவர்களும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். விப்ரோவில் உயர் பொறுப்பில் இருந்த ஸ்ரீதர் மித்தா 2008இல் தொடங்கிய நெக்ஸ்ட்வெல்த் நிறுவனத்தின் மையங்களில் ஒன்று நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் இயங்குகிறது. பெருநகரத்துக்குப் பிள்ளைகள் போவதற்குப் பதிலாக வேலை சிற்றூருக்கு வர வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம். சேலம் கருப்பூரில் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அதே நோக்கம் கொண்டதுதான். திருமணம், குழந்தை, வயதான பெற்றோர் என்று ஊரை விட்டு நகர முடியாத பெண் பட்டதாரிகளுக்கு ஊருக்கே வரும் இந்த வேலை பெரிய வாசல்.

படத்தில் தெரியும் ஒவ்வொரு காரையும், பாதசாரியையும், சிக்னல் விளக்கையும் கட்டம் போட்டுப் பெயரிடுவது இத்தகைய மையங்களில் நடக்கும் பணிகளில் ஒன்று. இப்படிப் பெயரிடப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களிலிருந்துதான் கருவி கற்கிறது. எதற்கு எந்தப் பெயர் என்ற விதிமுறை வாடிக்கையாளர் நிறுவனத்திடமிருந்து வருகிறது. ஒருவர் போட்ட கட்டத்தை இன்னொருவர் சரிபார்க்கிறார். இப்போது கருவியே முதல் கட்டத்தைப் போட்டுவிட, மனிதர் அதைத் திருத்தும் வேலையாக இது மாறிவருகிறது. பெயரிடக் கற்றவர்கள் பிழை கண்டுபிடிப்பவர்களாக உயர வேண்டியிருக்கிறது.

கருவி நாளை எங்கோ தவறினால் அந்தப் பழி மல்லசமுத்திரத்தில் கட்டம் போட்ட பெண்ணின் மேல் விழக் கூடாது. எந்தப் படங்களைக் கற்பிப்பது, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வது, எங்கே பயன்படுத்துவது என்று முடிவெடுப்பவர் அவர் அல்ல. அவர் உழைப்பு எதற்குப் பயன்படுகிறது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். இந்தப் படம் குழப்பமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், அந்தக் குரல் முடிவெடுப்பவர் காதுவரை போய்ச் சேர வேண்டும்.

ஏத்தாப்பூர் சொல்லும் பாடம்

2020இல் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளில் புதுவகை மாவுப்பூச்சி பரவியது. குருத்து சுருங்கி, செடி குட்டையாகி, கிழங்கு பிடிக்காமல் போனது. இங்குள்ள சேகோ ஆலைகளுக்கு அடி வேரே ஆட்டம் கண்டது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பூச்சி அதற்குமுன் இந்தியாவில் பதிவானதில்லை.

தமிழக அரசின் ‘உழவன்’ செயலியில், பயிரின் படத்தை அனுப்பினால் பூச்சி, நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல உதவி அது. ஆனால் இப்படிப்பட்ட எந்தக் கருவியும் கற்றுக்கொண்ட பூச்சிகளைத்தான் அடையாளம் காணும். முதன்முறையாக ஊருக்குள் வரும் பூச்சியின் படம் அதன் பாடத்தில் இருக்காது. தெரியாது என்று சொல்வதற்குப் பதில், தெரிந்ததில் எது கிட்டத்தட்ட ஒத்துவருகிறதோ அதன் பெயரைச் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. அதை நம்பி மருந்தடித்தால் காசும் போகும், பயிரும் போகும்.

மாவுப்பூச்சியை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பெங்களூரு பூச்சி ஆய்வு நிறுவனம், அந்தப் பூச்சியின் இயற்கை எதிரியான அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் தெரிந்த ஒரு நிறுவனம் முடிவெடுத்தது. விவசாயி போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது. செயலியின் பின்னாலும் அப்படி ஒரு வாசல் இருக்க வேண்டும்: பதிலில் ஐயம் வந்தால் எந்த வேளாண் அலுவலரை அழைப்பது என்று அதே திரையில் தெரிய வேண்டும்.

சட்டமும் தீர்ப்புகளும்

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்ட மாநிலம். எடப்பாடி கே. பழனிசாமி முதல்வராக இருந்த 2020 செப்டம்பரில், பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை அரசு வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, தணிக்கை, பொறுப்புடைமை, நியாயம் ஆகியவை அதன் தூண்கள். கருவிகளைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் முன் மதிப்பிட ‘டீப்-மேக்ஸ்’ என்ற மதிப்பெண் அட்டையையும் அது முன்வைத்தது. மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் ஏழு கோட்பாடுகளில் பொறுப்புடைமையும் ஒன்று. ஆனால் வழிகாட்டுதல் சட்டம் ஆகாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், கருவி எடுத்த முடிவை மனிதர் ஒருவர் மறுபரிசீலிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நேரடியாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்து மிகுந்த கருவிகளுக்கு மனித மேற்பார்வையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

நீதிமன்றங்கள் தெளிவாகவே பேசுகின்றன. கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணைய உரையாடல் கருவி, துக்கப் பயணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அந்தக் கருவியின் பேச்சுக்குக் கருவியே பொறுப்பு என்று நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, பயணிக்குச் சுமார் 812 கனடா டாலர் தரச் சொன்னது. தெலங்கானாவில், கணினி அலசலை நம்பி வீடு தேடிப் போய் விசாரிக்காமல் ரேஷன் அட்டைகள் ரத்தானதாக எழுந்த வழக்கில், ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளை நேரில் சரிபார்க்க 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கருவியை ஏவியவரே அதன் முடிவுக்குப் பொறுப்பு என்பதையே இரண்டும் உணர்த்துகின்றன.

அபராதம் வந்தால் என்ன செய்யலாம்?

உடனே பணம் கட்டும் முன் படத்தைத் திறந்து பாருங்கள். எண் பலகை உங்களுடையதா, வண்டியின் வகையும் நிறமும் பொருந்துகின்றனவா, நாளும் நேரமும் இடமும் சரியா என்று பாருங்கள். அந்த நேரத்தில் வண்டி வேறிடத்தில் இருந்திருந்தால் ஃபாஸ்டேக் கணக்கு, ஜிபிஎஸ் பதிவு, லோடு ரசீது, டீசல் பில் எல்லாம் சாட்சி. அவற்றை நடை வாரியாகக் கோப்பில் வைப்பது பழக்கமாக வேண்டும். இ-செலான் தளத்திலேயே முறையீட்டுப் பகுதி உண்டு. மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கை எதிர்த்து வாதாடவும் வழி உண்டு. எண் பலகை போலியாகப் பயன்படுகிறது என்று தெரிந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் ரசீதையும் இணைக்க வேண்டும்.

இரு தரப்பும் பழக வேண்டும்

மாறும் காலத்துக்கு ஏற்ப மாறிக்கொள் என்று டிரைவரிடமும் விவசாயியிடமும் கணினி ஊழியரிடமும் எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியை நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஓட்டிப்போய்ப் பிழைக்கும் திருச்செங்கோட்டுக்காரருக்குப் புதிய மொழியும் புதிய சாலையும் புதிய கருவியும் பழகுவது புதிதல்ல. ஆனால் பழகும் சுமை முழுவதும் ஒரு பக்கமே இறக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

கருவியை நிறுவும் அலுவலகங்களும் நிறுவனங்களும் பழக வேண்டியவை அதைவிட அதிகம். ஒவ்வொரு முடிவோடும் அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவியும் தொடர்பு எண்ணும் தமிழில் இருக்க வேண்டும். முறையீட்டுக்கு எத்தனை நாளில் பதில் என்று சொல்ல வேண்டும். எத்தனை அபராதம் விதிக்கப்பட்டது, எத்தனை தவறென்று ரத்தானது என்ற கணக்கை மாநிலம் தோறும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். தவறான அபராதத்தால் நடையை விட்டு அலைந்தவருக்கு இழப்பீடு வேண்டும். 2020இலேயே பொறுப்புடைமையைக் கொள்கையாக எழுதிவைத்த மாநிலத்துக்கு இவை எட்டாத காரியங்கள் அல்ல. அடுத்த கேமராவை நடும் முன், அந்தக் கேமராவுக்காகப் பதில் சொல்லப்போகும் மனிதரை அரசு நியமிக்கட்டும்.