பழைய டீசலும் பின்னால் ஒரு வீடும்

"அண்ணே, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கேரவனெல்லாம் சும்மா இழுத்துட்டுப் போயிடும்ல?"

சிட்னி டூங்காபி பக்கம் நான் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய லேண்ட் குரூசரை ஆசையாக வாங்கி வரும் நம்மாட்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி இல்லை. இங்கே அது எஞ்சின் இல்லாத சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். காரின் பின்னால் கோத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவையே சுற்றி வருவார்கள்.

நாலு சக்கரத்துக்கும் விசை போவதால் கிடைப்பது பிடிமானம் மட்டும். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்காது. அதனால் எஞ்சினுக்கு ஒரு எச்.பி.கூட ஏறிவிடாது. கூடுதலாகச் சுழலும் அச்சும் பற்சக்கரங்களும் இருப்பதில் கொஞ்சத்தைத் தின்னவும் செய்யும்.

1990களில் இங்கே விற்ற 80 வரிசை லேண்ட் குரூசரை எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரண டீசல் எஞ்சின் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. திறன் சுமார் 130 எச்.பி., முறுக்குவிசை 285 நியூட்டன் மீட்டர். ஒழுங்காக ஆயில் மாற்றினால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். ஆனால், இன்றைய 300 வரிசை டீசலின் முறுக்குவிசை 700. பழையதன் சொந்தக்காரர் அந்த வண்டியைப் பார்த்து ஓட்டக்கூடாது.

மேற்கே பாத்தர்ஸ்ட் போய்விட்டுச் சிட்னி திரும்பும் வழியில் விக்டோரியா பாஸ் என்ற ஏற்றம் வரும். 1832இல் கைதிகளின் உழைப்பில் திறந்த மலைப்பாதை அது. சில இடங்களில் எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும். வண்டியும் கேரவனும் சேர்ந்து 4,500 கிலோ என்றால், அங்கே எடையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 560 கிலோ, பின்னால் பிடித்து இழுக்கும். அதை எதிர்த்து மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏறவே 83 எச்.பி. வேண்டும். டயர் உருளவும் காற்றைத் தள்ளவும் இன்னொரு 14. கியர் பெட்டியைத் தாண்டிச் சக்கரத்துக்கு வந்து சேருவதோ 100 எச்.பி. போல. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. உச்சியில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்து டர்போ இல்லாத எஞ்சின் பத்தில் ஒரு பங்கு திறனையும் இழந்திருக்கும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் 40க்கு மேல் வராது, கரும்புகைதான் வரும்.

அதனால் ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். இந்த எஞ்சினின் முழு இழுவையும் 2,200 சுற்றில் கிடைக்கிறது. அதற்குக் கீழே விட்டு, மேல் கியரில் திணறவிட்டால் சிலிண்டரில் வெப்பம் ஏறும். பழைய டொயோட்டாக்களின் வெப்பமானி முள்ளை நான் நம்புவதில்லை. கணிசமாகச் சூடு ஏறும்வரை அது நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். தனியாக ஒரு மீட்டர் மாட்டுவது ரேடியேட்டர் செலவைவிடக் குறைவு. பின்னால் லாரி வந்தால் 40ஆம் சேனல் வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இடம் கண்ட இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். வழிவிட்டவனை எந்த லாரிக்காரரும் திட்ட மாட்டார்.

சமதரையிலும் நிம்மதி இல்லை. ஹே சமவெளியில் மேடு என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. ஆனால் எதிர்காற்று உண்டு. கேரவனின் முகம் ஒரு சுவர். வேகம் கூடக் கூட, அந்தச் சுவரைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 100இல் போகாமல் 90இல் போனால் காற்றுக்குக் கொடுக்கும் திறனில் கால் பங்குக்கு மேல் மிச்சம்.

"அப்போ டர்போ போட்டுடலாமாண்ணே?"

"முதல்ல எடைமேடைக்குக் கொண்டு போய் நிறுத்துங்க தம்பி."

பெரும்பாலும் அங்கேயே விஷயம் வெளிவந்துவிடும். 80 லிட்டர் தொட்டிகள் இரண்டு நிரம்பியிருந்தால் 160 கிலோ. போகிற இடத்தில் குழாய் இருந்தால் அந்தத் தண்ணீரை மலைமேல் தூக்கிக்கொண்டு போவானேன்? ஜெனரேட்டர், கூடாரத் துணி, அரிசி மூட்டை என்று ஒவ்வொன்றாக இறக்கலாம். இறக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேரவன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்பக்கக் கொக்கியில் உட்கார வேண்டும். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் கேரவன் வாலாட்டும். அந்த ஆட்டம் வண்டியையே கவிழ்த்துவிடும்.

டர்போ போட்டால் இழுவை கூடும், உண்மைதான். கூடவே வெப்பமும் கூடும். இந்த எஞ்சின் டர்போவுக்கென்று வார்த்ததல்ல; அளவு மீறிக் காற்றை அடைத்தால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். தவிர, ஏறும் சக்தியைக் கூட்டுகிறவர்கள் இறங்குவதை மறந்துவிடுகிறார்கள். இந்த நாட்டுச் சட்டம் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குப் பிரேக் கட்டாயம் என்கிறது. 2,000 கிலோவைத் தாண்டினால், கொக்கி கழன்றாலும் தானாகப் பிடிக்கும் பிரேக் வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கேரவனின் மின் பிரேக்கைப் பயணத்துக்கு முன் தனியாகச் சோதியுங்கள். அது பிடிக்காவிட்டால் எஞ்சின் எத்தனை எச்.பி. என்பது பேச்சே இல்லை.

மலையில் 40, சமதரையில் 90 என்று ஒப்புக்கொள்கிறவருக்கு அந்தப் பழைய டீசல் போதும். நாடு முழுக்கச் சுற்றலாம். ஒப்புக்கொள்ள மனமில்லாதவர் என்னிடம் டர்போவுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்துவைத்துப் புது வண்டி வாங்கட்டும். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை.