ஆயிரம் ரூபாயில் மதுரை... செண்பகனூர் அம்மாவோடு ஒரு நாள்!

கொடைக்கானலுக்கு மலை ஏறி வருபவர்கள் கையில் கேமரா இருக்கும். எங்கள் செண்பகனூரிலிருந்து மதுரைக்கு இறங்குபவர்கள் கையில் பெரும்பாலும் எக்ஸ்ரே கவர்தான் இருக்கும்.

அப்பாவின் வைத்தியத்துக்காக அம்மா மதுரைக்குப் போன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால், அவருக்குத் தெரிந்த மதுரை இவ்வளவுதான்: ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு, பெரியாஸ்பத்திரி, திரும்பவும் ஆரப்பாளையம். அப்பா இறந்து 2 வருஷம் ஆகிறது. அதன்பிறகு அம்மா மலையைவிட்டு இறங்கவே இல்லை.

போன மாதம் லீவில் ஊருக்குப் போனபோது, "மதுரைக்குப் போலாமாம்மா?" என்றேன். பதறிவிட்டார். "யாருக்கு என்ன பாப்பா?"

யாருக்கும் ஒன்றுமில்லை, சும்மா சுற்றிப் பார்க்க என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாசக் கடைசி வேறு. கையில் இருந்தது 1,000 ரூபாய். அதற்குள் முடிப்பது என்று முடிவு செய்து, சனிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினோம்.

மாசம் தெரிந்தால் வழி தெரியும்!

வத்தலக்குண்டு வழியாக 4 மணி நேரப் பயணம். இரண்டு பேர் போய்வர பஸ்ஸுக்கே கிட்டத்தட்ட பாதிப் பணம் போய்விடும். ஆனால், மதுரைக்குள் இறங்கிவிட்டால் பெண்களுக்கு டவுன் பஸ் செலவு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசம். முகப்பில் பிங்க் நிறம் அடித்த பஸ்ஸைப் பார்த்து ஏறினால் போதும்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி கோயிலுக்கு நடந்தோம். மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி. "அட, எல்லாம் மாசம் பேரு!" என்று அம்மாவுக்குக் குஷி. மேல மாசி வீதியில் ஒரு கதர்க்கடையைக் காட்டினேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையைத் துறந்து, இடுப்பில் ஒற்றைத் துணியோடு வெளியே வந்த வீடு அதுதான். நின்று பார்க்கக் காசில்லை.

2018-லிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வெளியே கொடுத்துவிட்டுத்தான் போனோம். அதுவும் நல்லதுக்குத்தான். செல்ஃபி எடுக்கும் வேலை இல்லாததால், பொது தரிசன வரிசை முடிந்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். நான் அம்மாவோடு அப்படி உட்கார்ந்து எத்தனை வருஷமோ!

16 ரூபாய்ச் சாப்பாடு

மதியம் அம்மா உணவகம். சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். இரண்டு பேருக்கும் சேர்த்து 16 ரூபாய். மிச்சம் பிடித்ததை விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டாவில் விட்டோம். பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். முதலில், "இந்தக் காசுக்கு ஒரு லிட்டர் பால் வாங்கலாம்" என்ற அம்மா, கடைசியில் கிளாஸைச் சாய்த்துக் குடித்தார்.

வெயில்தான் பாடாய்ப் படுத்தியது. மலையிலேயே இருந்தவருக்கு மதுரை மதியம் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்து நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனோம். 2023 ஜூலை 15-ல் திறந்தது. 2 லட்சம் சதுர அடிக்கும் மேல் பரப்பு, முழுக்க ஏசி, நுழைவுக்கட்டணம் இல்லை.

"நான் எட்டாப்பு பாப்பா. என்னைய உள்ள விடுவாங்களா?" என்று வாசலில் தயங்கினார் அம்மா. யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே கால் வைத்ததும், "நம்ம ஊரு மாதிரியே குளுகுளுன்னு இருக்கே!" என்று சிரித்துவிட்டார்.

பத்திரிகைப் பிரிவில் ஒரு வார இதழை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது சொன்னார்: "இந்த ஊருல எத்தனையோ நாள் உக்காந்துருக்கேன். எல்லாம் டோக்கனுக்கு எப்பக் கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு. இன்னைக்குத்தான் சும்மா உக்காந்தேன்."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

நீங்களும் போகிறீர்களா?

* மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.
* வெயில் நேரத்தை நூலகத்துக்கு ஒதுக்குங்கள்.
* தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். மாசி வீதிக்குள் ஆட்டோ வேண்டாம், நடந்தாலே பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.
* மலைக்குத் திரும்புபவர்கள் 5 மணிக்குள் ஆரப்பாளையம் வந்துவிடுவது நல்லது.

ஆரப்பாளையத்தில் அம்மாவுக்கு இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். அப்பா போனதிலிருந்து பூ வைக்காதவர். "எனக்கு எதுக்கு?" என்று மறுத்தார். நான் விடவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தவர், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மெதுவாகத் தலையில் வைத்துக்கொண்டார்.

பர்ஸில் நூற்றுச் சொச்சம் மிச்சம் இருந்தது. இருட்டில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்:

"அடுத்த தடவை நாயக்கர் மகாலுக்குப் போலாமா?"

எங்கள் வீட்டில் 'அடுத்த தடவை' என்பது எப்போதும் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கும் தேதிதான். மதுரைக்கு அம்மாவே ஆசைப்பட்டுக் கேட்ட முதல் 'அடுத்த தடவை' இதுதான்.