குட்டிக் கோசும் நம் சமவெளிக் கழனியும்

கத்தரியும் வெண்டையும் அவரையும் உண்டு பழகிய ஆர்.கே.பேட்டை வட்டாரத்துக் குடும்பங்களுக்கு ‘பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ்’ என்னும் பெயர் புதிதாகத் தோன்றலாம். சென்னையின் பெரிய கடைகளில், பெருநெல்லிக்காய் அளவில், முட்டைக்கோசின் குஞ்சு போன்று காணப்படும் காய் அது. அதன் விலையைக் கேட்டறிந்த சிறு விவசாயி, “இதை நாமும் பயிரிட்டால் என்ன?” என்று எண்ணுவது இயல்பே. கடன் வாங்கி விதைப்பவருக்கு இக்கேள்வி ஓராண்டுப் பிழைப்பைப் பற்றியது. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

பெயரும் பிறப்பும்

பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸைச் சுற்றிப் பெருமளவில் பயிரானதால் இக்காய்க்கு அப்பெயர் வந்தது. முட்டைக்கோசு, காலிபிளவர், நூல்கோல் ஆகியவையும் இதுவும் ஒரே இனத்தின் பிள்ளைகள். முட்டைக்கோசில் உச்சி மொட்டு ஒன்றே பருத்துத் திரள்கிறது. இதிலோ தண்டின் நெடுகே ஒவ்வோர் இலைக்கணுவிலும் ஒரு சிறு கோசு திரள்கிறது. அடியிலிருந்து மேல்நோக்கிப் பலமுறை பறிப்பார்கள். இங்கிலாந்தில் கிறிஸ்து பிறப்பு விழா விருந்து இக்காயின்றி நிறைவு பெறாது என்பர்.

நீலகிரியில்

நம் மாநிலத்தில் இதற்கு ஏற்ற இடம் நீலகிரி. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு அம்மலைக்குச் சென்றபின், ஐரோப்பியக் காய்கறிகள் அங்கு வேரூன்றின. இன்று மலர்க்காட்சிக்குப் பேர்பெற்ற உதகை தாவரவியல் பூங்காவும், 1847இல் ஐரோப்பியர் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி நடத்திய காய்கறித் தோட்டமாகவே தொடங்கியது.

இன்று அங்கு உருளைக்கிழங்கு, காரட், முட்டைக்கோசு ஆகியவையே முக்கியப் பயிர்கள். அவை மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போகின்றன. குட்டிக் கோசு சிறு அளவிலேயே விளைகிறது. அதை வாங்குவோர் பெரும்பாலும் ஓட்டல்களும் நகரத்துப் பெருங்கடைகளுமே. வாங்குவோர் சிலராயிருப்பின் ஆபத்து பெரிது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஓட்டல்கள் அடைபட்டபோது, அவற்றை நம்பிப் பயிரிட்ட அயல்நாட்டுக் காய்கறிகள் விலைபோகாமல் தேங்கின. உருளைக்கிழங்காயின் ஏழை வீட்டு அடுப்பிலும் ஏறும். பெயர் அறியாத காயை எவர் வாங்குவர்?

நம் மண்ணில் விளையுமா?

இப்பயிருக்கு 15 முதல் 18 டிகிரி வரையிலான குளிர்ச்சி, மாதக்கணக்கில் நீடித்து நிற்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் மொட்டுகள் இறுகாமல் விரிந்து, கசப்பேறிவிடும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணிப் பகுதியில், மார்கழியின் பகற்பொழுதுகூட இதற்கு வெப்பமானதே. எனவே இங்கு இதில் பணத்தை முடக்குவது தகாது.

அதற்காக மனம் தளர வேண்டுவதில்லை. இதே இனத்தைச் சேர்ந்த நூல்கோல், நட்ட ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அறுவடைக்கு வரும். வெப்பம் தாங்கும் முட்டைக்கோசு வகைகளும் உண்டு. இவற்றைக் குளிர்காலத்தில் நம் சமவெளியிலும் பயிரிடலாம்.

உண்ணும் முறை

குட்டிக் கோசு கிடைத்தால், காம்பை நறுக்கி, வெளியிதழை நீக்கி, இரண்டாகப் பிளந்து, சில நிமிடங்களே ஆவியில் வேகவிடுக. கடுகு, மிளகாய் தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்த்தால் நல்ல பொரியலாகும். அளவுக்கு மீறி வெந்தால் கந்தக நாற்றம் எழும். பலர் இதனை வெறுப்பதற்குக் காரணம் அதுவே.

100 கிராம் பச்சைக் காயில் ஏறக்குறைய 85 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ உண்டு. வைட்டமின் ‘கே’யும் மிகுதி. ஆதலால் இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை உண்போர், மருத்துவரைக் கேட்டே இதனை உணவில் சேர்க்க வேண்டும். இதனை வாங்க வசதியில்லையே என ஏங்குவோர்க்கு ஒரு செய்தி: நம் வீட்டுக் கொல்லைக் கொய்யாவில் வைட்டமின் ‘சி’ இதனினும் அதிகம்.

புதுப் பயிரைக் கண்டு ஆசை எழும்போது குடும்பமாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்போம். நம் வெயிலை இது தாங்குமா? வாங்குவோர் எத்தனை பேர்? விலை போகாவிடில் நம் வீட்டிலேனும் இதனை உண்போமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தபின் விதைக்குப் பணம் எடுப்போம்.