வியாழனைப் பிடிக்க நொடிக்கு எத்தனை படம்?

"என்னப்பா இது, தண்ணியில விழுந்த இட்லி மாதிரி இருக்கு?"

நான் பெருமையோடு நீட்டிய கைப்பேசியைப் பார்த்து அப்பா கேட்ட கேள்வி. அது வியாழன் கோள் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் சிறுவயதில், எங்கள் புளோக்கின் நடைபாதையில் நின்று, "அதோ, மினுங்காம நிக்குதே, அதுதான் வியாழன்" என்று முதன்முதலில் காட்டியவர் அப்பாதான். இப்போது அவருக்கு முழங்கால் வலி. பல மாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு வந்து, இருட்டில் குனிந்து தொலைநோக்கியில் கண்வைக்க அவரால் முடியாது. சரி, வியாழனையே வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைப் பழசாக வாங்கினேன். அதில் பொருத்த ஒரு சிறிய கேமராவும் வாங்கினேன்.

2024 டிசம்பர் 7ஆம் தேதி, வியாழன் வானில் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. அப்போது நமக்கும் அதற்கும் இடையே சுமார் 61 கோடி கிலோமீட்டர். அதன் பிறகு அது விலகிச் சிறுத்துக்கொண்டே போகும். அடுத்த வாய்ப்பு 2026 ஜனவரியில்தான். நம் ஊரில் அது பருவமழைக் காலம் வேறு. வானம் தெளியும் இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிங்கப்பூரின் வெளிச்சத்தில் கோள்களைப் படமெடுக்க முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியும். கோள்கள் பிரகாசமானவை, விளக்குவெளிச்சம் அவற்றை அதிகம் பாதிக்காது. பிலிப்பீன்சின் செபு நகரில் இருக்கும் கிறிஸ்டபர் கோ, வியாழனில் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியதை 2006இல் முதலில் கண்டறிந்தார். 2010 ஜூன் 3ஆம் தேதி வியாழனில் ஏதோ மோதி எழுந்த ஒளிக்கீற்றை ஆஸ்திரேலியாவின் ஆண்டனி வெஸ்லி கண்டுபிடித்தபோது, அதே நிகழ்வு கோவின் காணொளியிலும் பதிவாகியிருந்தது. இருவருமே பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள்.

உண்மையான எதிரி காற்று. கொதிக்கும் சட்டிக்கு மேலே பார்ப்பதுபோல, காற்றின் அசைவில் கோள் நெளிகிறது. ஆனால், இடையிடையே கண நேரம் அது அசையாமல் தெளிவாகத் தெரியும். அந்தக் கணங்களைப் பிடிக்கத்தான் காணொளி எடுக்கிறோம். ஆயிரக்கணக்கான படங்களில் நல்லவற்றை மட்டும் மென்பொருள் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருகிறது. வியாழன் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகவே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், இரண்டு மூன்று நிமிடங்களுக்குமேல் பதிவுசெய்தால் அதன் மேகக்கோடுகள் கலங்கிவிடும்.

என் கேமரா நொடிக்கு எட்டே படம் எடுத்தது. இரண்டு நிமிடத்துக்கு 960. இட்லிக்குக் காரணம் அதுதான்.

எண் ஏன் ஏறவில்லை என்று மூன்று இரவுகள் மேல்தளத்தில் போராடினேன். கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தினேன். கேமராவே பழுது என்று நினைத்து, விற்பனை விளம்பரம்கூட எழுதிவிட்டேன். அப்பா கேட்டார்: "ஒரு ராத்திரியில எத்தனைய மாத்துன?"

"நாலஞ்சு."

"அப்ப எது சரியாச்சு, எது கெட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? ஒண்ண மாத்து, நம்பர எழுது. அப்புறம் அடுத்தது. இதுக்கு வியாழன் எதுக்கு? மேசையில வச்சே பாக்கலாமே!"

துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். வானொலி நிலையத்தில் ஒலி நின்றுபோனால் நானும் மைக்கிலிருந்து ஒவ்வோர் இணைப்பாகத்தான் தேடுவேன். மேல்தளத்துக்குப் போனதும் அது மறந்துவிட்டது.

மறுநாள் மழை. சாப்பாட்டு மேசையில் கேமரா, மடிக்கணினி. அப்பாவின் கையில் நோட்டுப் புத்தகம்.

முதலில் எக்ஸ்போஷர். ஒரு படத்துக்கு 50 மில்லிநொடி வைத்திருந்தேன். அப்படியானால் நொடிக்கு 20 படங்களுக்குமேல் எடுக்க வழியே இல்லை. கெய்னைக் கூட்டி எக்ஸ்போஷரை 8 மில்லிநொடிக்குக் குறைத்தேன். 125 வரை இடம் கிடைத்தது. ஆனால், திரையில் அதே எட்டு. அப்பா எழுதிக்கொண்டார்.

அடுத்து கேபிள். மேசை இழுப்பறையில் கிடந்த பழைய யூஎஸ்பி 2 கேபிளை, மௌசும் சேர்ந்திருந்த ஹப்பில் செருகியிருந்தேன். அந்த வழியில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 40 மெகாபைட்தான் போகும். என் கேமராவின் முழுப்படம், 16 பிட்டில், ஒன்றே 4.2 மெகாபைட். வகுத்துப் பாருங்கள், பத்தைத் தொடாது. கேமராவோடு வந்த யூஎஸ்பி 3 கேபிளைத் தேடியெடுத்து, மடிக்கணினியின் நீலநிறத் துளையில் நேரடியாகச் செருகினேன். 24.

அதற்குமேல் ஏறவில்லை. இப்போது தடை பழைய ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 100 மெகாபைட் அளவுக்கே அதனால் எழுத முடிந்தது. எஸ்எஸ்டி வாங்கலாமா என்று யோசித்தேன். "இவ்வளவு பெரிய படம் எதுக்கு? நடுவுல இருக்குற உருண்டை மட்டும் போதாதா?" என்றார் அப்பா. 1936க்கு 1096 புள்ளிகள் கொண்ட சட்டகத்தில் வியாழனின் அகலம் ஏறக்குறைய 300 புள்ளிகள்தான். மீதியெல்லாம் இருட்டு. சட்டகத்தை 640க்கு 480 என்று சுருக்கினேன். 120.

ஒரு காசு செலவில்லை. 16 பிட்டை 8 ஆக்கினால் சுமை இன்னும் பாதியாகும். மடிக்கணினி மின்சேமிப்பு முறையில் இருந்தாலும் எண் சரியலாம், அதையும் பார்த்துவிடுங்கள். எந்தத் தடை மிகக் குறுகலோ, அதுதான் வேகத்தை முடிவு செய்கிறது. அதை விலக்கினால் அடுத்த தடை தெரியும்.

ஜனவரியில் ஓர் இரவு மேகம் விலகியது. இரண்டு நிமிடத்தில் 14,000க்கும் மேற்பட்ட படங்கள். விடியற்காலை வரை உட்கார்ந்து அடுக்கினேன். காலைத் தேநீரோடு அப்பாவிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இரண்டு பழுப்புப் பட்டைகள், கீழ்ப்பட்டையின் ஓரத்தில் பெருஞ்சிவப்புப் புள்ளி.

"சனி எப்ப வரும்?" என்றார்.

சனி மங்கலானது, எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டியிருக்கும், 120 வராது என்றேன். அவர் அதற்குள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிவிட்டார்.