இலை நடுங்குகிறதா, பாருங்கள்!

செருப்பைக் கழற்றுங்கள், தலைக்கு வலைத்தொப்பி மாட்டுங்கள், கையைக் கழுவுங்கள். லெட்டூஸ் வளரும் அறையின் கதவு திறக்கப்போகிறது! உள்ளே ஜன்னல் இல்லை, வெயில் இல்லை, மண்கூட இல்லை. கூரை வரை ரேக்குகள். ஒவ்வொரு தட்டிலும் எல்.இ.டி. வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பச்சை. வருகிறவர்கள் எல்லோரும் விளக்கைத்தான் படம் பிடிப்பார்கள். நான் வந்தது காற்றைப் பார்க்க. கண்ணுக்கே தெரியாத அதை எப்படி அளக்கிறார்கள், அளந்த பிறகு போதுமா போதாதா என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

முதல் ஆச்சரியம் ரேக் வாசலிலேயே காத்திருந்தது. வளர்ப்பாளர் கையில் சின்னக் காற்றாடி வைத்த அனிமோமீட்டர். நடைபாதையில் பிடித்தால் விறுவிறுவென்று சுற்றுகிறது. அதையே நடுத்தட்டுக்குள் நீட்டினால் நின்றுவிடுகிறது. திரையில் பூஜ்யம். காற்றே இல்லையா? இருக்கிறது! அந்தக் காற்றாடி அசையத் தொடங்கவே நொடிக்கு 0.3, 0.4 மீட்டர் வேகமாவது வேண்டும். இலைகளுக்கு நடுவே ஊர்கிற காற்று பல சமயம் அதற்கும் கீழே.

அப்போதுதான் ஹாட்வயர் அனிமோமீட்டர் வெளியே வந்தது. ஆன்டெனா மாதிரி இழுத்து நீட்டுகிற குச்சி. நுனியில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் மெல்லிய கம்பி. மின்சாரம் கம்பியைச் சூடாக்கும், காற்று அதைக் குளிர வைக்கும். எவ்வளவு குளிர்கிறதோ அதிலிருந்து வேகம் தெரியும். ஆவலில் நான் கிட்டே போனேன். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், உங்க உடம்பே காத்தை மறைக்குது” என்றார். தள்ளி நின்றேன். 0.08. 0.11. 0.09. பூஜ்யம் என்று சொன்ன அதே இடத்தில் எண்கள் துள்ளுகின்றன! ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்து சராசரியைக் குறித்துக்கொண்டார். உள்ளே காற்று அலைபாயும் என்பதால் ஒரு நொடியில் வரும் எண்ணை அவர் ஏற்பதே இல்லை.

இந்தச் சின்ன எண்ணுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒவ்வொரு இலையையும் ஒட்டி அசையாத காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே போவதும் நீராவி வெளியே வருவதும் அதைக் கடந்துதான். தாவர இயற்பியலில் இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 10 சென்டிமீட்டர் இலைமீது நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் காற்று போனால் படலத்தின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். வேகத்தை 0.4 ஆக்கினால் 2 மில்லிமீட்டர். காற்றை நாலு மடங்காக்கினால்தான் படலம் பாதியாகிறது! கொடியில் போட்ட ஈரவேட்டி காற்றே வீசாத நாளில் காயாமல் தொங்குவதும் இதே சங்கதிதான். இலைப் பரப்பில் நொடிக்கு 0.3 முதல் 0.5 மீட்டர் வரை கிடைத்தால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகத் திருப்தி அடைகிறார்கள்.

இப்போது நான் காத்திருந்த கட்டம். வளர்ப்பாளர் ஒரு லெட்டூஸின் வெளி இலைகளை இரண்டு விரலால் மெல்ல விலக்கினார். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருண்ட குருத்து. அதன் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு நூல்கோடு. டிப்பர்ன், அதாவது இலை நுனிக் கருகல்! சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வேரிலிருந்து நீரோட்டத்தோடு மட்டுமே மேலே ஏறும். நீராவி விடுகிற இலைக்கு அது தாராளமாகப் போகும். மூடிக்கிடக்கிற குருத்து நீராவி அதிகம் விடுவதில்லை, அதனால் அதற்குப் போதிய பங்கு வருவதில்லை. பழைய இலைக்குப் போன கால்சியம் திரும்பியும் வராது. வேருக்குப் போகும் சத்துநீரில் கால்சியத்தைக் கூட்டினாலும் பெரிதாகப் பலன் இருக்காது, கூட்ட வேண்டியது குருத்தின்மேல் படும் காற்றை. உள் இலைகளுக்கு நேராகக் காற்றைச் செலுத்தி டிப்பர்னைத் தடுக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கோட்டோவும் தக்காகுராவும் 1992-லேயே காட்டிவிட்டார்கள். அந்தக் கட்டுரையை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். சத்துக்குறைவு என்று எல்லோரும் உரத்தைத் தேடுகிற இடத்தில் அவர்கள் காற்றைக் கொண்டுபோனார்கள்!

வேகம் தெரிந்தது, திசை? “ஊதுவத்தி கொளுத்தலாமே” என்றேன். இந்த அறையில் அது கூடாதாம். புகையில் எத்திலீன் இருக்கிறது. நம் ஊரில் மூட்டம் போட்டு வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் வாயு அதுதான். மூடிய அறையில் கீரைக்கு அது கேடு. தவிர, சூடான புகை தானாகவே மேலே ஏறிக் காற்றின் திசையையும் தப்பாகக் காட்டும். இவர்கள் கையில் வைத்திருப்பது குளிர்ந்த நீர்ப்பனியை விடுகிற சின்னக் கருவி. வெள்ளைப் பனி ரேக்கின் முன்வரிசை மேலே வழுக்கிக்கொண்டு போகிறது, விளக்குச் சட்டத்தில் முட்டித் திரும்புகிறது, பின்சுவர் மூலையில் அப்படியே தேங்கி நிற்கிறது. பூஞ்சை முதலில் வரப்போகிற இடம் எதுவென்று சுவரில் எழுதிவைத்த மாதிரி தெரிந்துவிட்டது!

ஃபேன் பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று அச்சடித்திருப்பது இங்கே அதிகம் உதவாது. அந்தக் காற்றெல்லாம் நடைபாதையிலேயே ஓடிப்போகலாம். சராசரியும் ஏமாற்றும்: ஒரு முனையில் 0.8, மறுமுனையில் பூஜ்யம் என்றாலும் சராசரி 0.4 தான். அதனால் ஒவ்வொரு தட்டிலும் முன், நடு, பின், ஓரம் என்று கட்டம் போட்டு அளக்கிறார்கள். அளவுமானியோடு இலையையும் கேட்கிறார்கள். லேசாக நடுங்கினால் நல்லது. ஃபேனுக்கு நேரே இருக்கும் இலை தடித்து, சுருண்டு, ஓரம் காய்ந்தால் காற்று மிஞ்சிவிட்டது.

காற்று குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு என்கிற இந்த இழுபறி விண்வெளியிலும் நடந்திருக்கிறது! அங்கே எடையின்மையில் சூடான காற்று மேலே ஏறாது. ஃபேன் நின்றால் இலையைச் சுற்றிய காற்று அப்படியே நிற்கும். 2015 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செடி வளர்க்கும் ‘வெஜ்ஜி’ பெட்டியில் ஜினியா என்ற பூச்செடியின் விதைகளை முளைக்க வைத்தார்கள். ஈரம் மிஞ்சி இலையில் நீர் கட்டியது, டிசம்பரில் பூஞ்சை வந்தது. ஃபேனைக் கூட்டினார்கள், பூஞ்சை அடங்கியது, ஆனால் இப்போது செடிகள் காயத் தொடங்கின. அட்டவணைப்படி தண்ணீர் ஊற்றும் நாள் இன்னும் வரவில்லை. கண்ணால் பார்த்து நானே முடிவு செய்கிறேன் என்று கேட்டு அனுமதி வாங்கினார் விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி. 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் ஜினியா பூத்தது.

இங்கே கீழே, பின்மூலைக்கு வைத்தியம் ஆரம்பமாகிறது. வளர்ப்பாளர் ஒரு சின்ன ஃபேனைக் கழற்றி, பக்கவாட்டில் ஊதாமல் மேலிருந்து கீழாக ஊதும்படி மாட்டுகிறார். பனியை விட்டுப் பார்த்தால் தேக்கம் கலைகிறது. ஹாட்வயரில் 0.3-ஐத் தாண்டுகிறது! விளக்கு அணைந்ததும் இதே இடத்தில் இன்னொரு முறை அளப்பார்கள். இருட்டில் இலை குளிர்ந்து ஈரப்பதம் ஏறும் நேரம் அது; மின்செலவை நினைத்து ஃபேனையும் சேர்த்து நிறுத்தினால் காலையில் இலையெல்லாம் ஈரமாகிக் கிடக்கும். அடுத்த வாரம் செடிகள் அடர்ந்து ஒன்றோடொன்று உரசும்போது இன்றைய எண்கள் எதுவும் பொருந்தாது. கட்டம் போட்ட நோட்டில் அதற்கான பக்கம் இப்போதே தயார்.