சுண்ணாம்புக் கம்பமும் தேக்காவும்: மரபுடைமைக் காப்பில் இடப்பெயர்கள்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரும்பாறை இருந்தது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட அப்பாறையின் முகத்தில் ஐம்பது வரியளவிற்கு எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. 1843ஆம் ஆண்டில் ஆற்றுவாயை அகலப்படுத்தவும் கட்டடம் எழுப்பவும் இடம் வேண்டி ஆங்கிலேய அதிகாரிகள் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டுகளுள் ஒன்று இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை எவரும் படித்தறியவில்லை. அதன் மொழி யாது என்பதிலும் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை.

அக்கல் உடைக்கப்பட்டதற்காக வருந்தாதவர் இரார். மொழியியல் பயின்ற எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. 1819இல், காடு வெட்டியபோது அது கண்டறியப்பட்ட நாளிலேயே, அதனைப் படிக்க வல்லார் இத்தீவில் எவரும் இலர். கல் முழுமையாக நின்றது. சொல் அதற்கு முன்பே போய்விட்டது. மரபுடைமைக் காப்பு என்று நாம் பேசும்போதெல்லாம் முதல் இழப்பையே எண்ணுகிறோம். இவ்வுரை இரண்டாம் இழப்பைப் பற்றியது. குறிப்பாக, ஓர் இடத்திற்கு அங்கு வாழ்ந்தோர் இட்டு வழங்கிய பெயர் மறைவதைப் பற்றியது.

உலக அளவில் மரபுடைமைக் காப்பு எவ்வாறு தொடங்கிற்று என்பதை முதலில் நினைவுகூர்வோம். எகிப்தில் நைல் ஆற்றின் குறுக்கே அசுவான் உயர் அணை கட்டத் திட்டமிட்டபோது, அபு சிம்பல் கோயில்கள் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. 1960இல் யுனெஸ்கோ உலக நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தது. 1964 முதல் 1968 வரை அக்கோயில்களைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தினர். ஒரு நாட்டின் செல்வம் மாந்தர் அனைவருக்கும் உரியது என்னும் எண்ணம் அப்பணியில் வலுப்பெற்றது. அதுவே 1972ஆம் ஆண்டின் உலக மரபுடைமை உடன்படிக்கைக்கு வழிகோலியது.

அதே நீர்த்தேக்கம் நுபிய மக்களின் ஊர்களையும் விழுங்கிற்று என்பதை நூல்கள் ஓரிரு வரிகளில் கூறி அமைகின்றன. அம்மக்கள் வடக்கே கோம் ஓம்போவை அடுத்த புதுக் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். புதிய ஊர்களுக்கு பல்லானா, தோஷ்கா எனப் பழைய ஊர்ப்பெயர்களே வழங்கலாயின. கோயிலைத் தூக்கிச் செல்ல உலகம் பொருள் திரட்ட வேண்டியிருந்தது. பெயரை மக்கள் தம் வாயிலேயே எடுத்துச் சென்றனர்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையிலுள்ள செம்பாறைக்கு வேறொரு வரலாறு. அனங்கு மக்கள் அதனை உலூரு என்றழைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த வெள்ளையர் ஓர் அரசியல் தலைவரின் பெயரால் அதற்கு ஏயர்ஸ் பாறை எனப் பெயரிட்டனர். 1987இல் இயற்கைச் சிறப்புக்காக உலகப் பட்டியலில் சேர்ந்த அவ்விடம், 1994இல் பண்பாட்டு நிலவெளியாகவும் ஏற்கப்பட்டது. இதற்கிடையே 1993இல் இரு பெயர்களும் சேர்த்து எழுதப்பட்டன. 2002இல் உலூரு என்பது முன்னே வந்தது. இயற்கை வேறு பண்பாடு வேறு என்று பிரித்தோர் இரண்டையும் இணைத்து நோக்கத் தொடங்கிய காலத்திலேயே பழம்பெயரும் உரிய இடம் பெற்றது.

2003இல் யுனெஸ்கோ மற்றோர் உடன்படிக்கையை ஏற்றது. பாடல், சடங்கு, கைவினை முதலிய தொட்டறிய இயலா மரபுடைமைக்கு உரியது அது. அதில் மொழிக்கும் இடமுண்டு. ஆனால் எவ்வாறு? மரபுடைமையைச் சுமந்து செல்லும் ஊர்தியாக. மொழியே மரபுடைமை என்று கூற அவ்வாசகம் முன்வரவில்லை. நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையில் சொற்களை எத்துணை எச்சரிக்கையோடு அளந்து வைப்பர் என்பதை அறிவேன். எனினும் அந்த ஊர்தி என்னும் சொல்லோடு எனக்கு இன்றளவும் பிணக்குத்தான்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நினைவுச்சின்னங்களைக் காக்கும் சட்டம் இங்கு 1971இல் நடைமுறைக்கு வந்தது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1973இலும், தெலுக் ஆயர் ஸ்திரீட்டின் நாகூர் தர்கா 1974இலும், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் 1978இலும் தேசிய நினைவுச்சின்னங்களாயின. 1989ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. தனிக் கட்டடத்தை விடுத்துத் தெருவை முழுமையாக நோக்கிய அந்த முடிவு பெரிதும் பாராட்டத்தக்கது. கடைவீட்டின் முகப்பு, ஓட்டுக்கூரை, மரச்சன்னல், ஐந்தடி நடைபாதை ஆகியவை அதனாலேயே இன்று நிற்கின்றன.

2012இல் சிங்கப்பூர் உலக மரபுடைமை உடன்படிக்கையை ஏற்றது. 2015இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. 1859இல் இன்றைய இடத்தில் தொடங்கிய அத்தோட்டத்தை நம்மவர் பூமலை என்பர். மொழிபெயர்ப்பில் பிறந்த சொல்லன்று அது. கண்டதைக் கண்டவாறு சொன்ன பெயர். அத்தோட்டத்திற்கும் தமிழருக்கும் உள்ள உறவு வெறும் உலாப்போக்கு அன்று. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 22 ரப்பர் நாற்றுகள் இங்கு வந்தன. 1890களில் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்திற்குக் கேடில்லாமல் பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அதன் பின்னர் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறின. அவர்கள் ரப்பர் என்று சொல்லவில்லை; பால்மரம் என்றனர். வடிந்து உறைந்தது ஒட்டுப்பால் ஆயிற்று. பாலைத் தாங்கிய கிண்ணத்திற்கு மலாய்ச் சொல்லைத் தழுவி மங்கு என்றனர். அத்தோட்டத்தின் சிறப்பை உலகுக்கு எடுத்துரைக்கும்போது ரிட்லியின் பெயர் வருகிறது. வரட்டும், அது தகும். பால்மரம் என்னும் சொல்லும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

லிட்டில் இந்தியா என்னும் பெயர் 1980களில் சுற்றுலா வளர்ச்சியை ஒட்டிப் பரவியது. அதற்கு முன் அவ்வட்டாரத்தைத் தமிழர் எப்படிக் குறித்தனர்? முதியோரைக் கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கும்: சிராங்கூன் ரோடு, தேக்கா, சுண்ணாம்புக் கம்பம். மூன்றாவதை இன்று அறிந்தோர் சிலரே.

சுண்ணாம்பு நம் சொல். கம்பம் என்பது சிற்றூரைக் குறிக்கும் கம்போங் என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கு உழைத்த தமிழர் இட்ட பெயர் அது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே வழங்கப்பட்டது. இந்நகரின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்குப் பூசிய சுதைக்கு ஆங்கிலேயர் மெட்ராஸ் சுனம் என்று பெயர் வைத்தனர். சுனம் என்பது நம் சுண்ணமே. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்து அரைத்த அச்சுதையை, இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்களில் காணலாம். அப்பேராலயம் தேசிய நினைவுச்சின்னம். சுவரில் பூசிய சுண்ணத்துக்குச் சட்டத்தின் காவல் உண்டு. சுண்ணாம்பு சுட்டவர் வாழ்ந்த இடத்தின் பெயருக்கு அத்தகைய காவல் இல்லை.

தேக்காவின் வரலாறு இதனினும் சுவையானது. இளமையில் நான் அதனைத் தேக்கு மரத்தோடு தொடர்புபடுத்தி, மனத்துள் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதி வைத்திருந்தேன். நல்லவேளையாக அதனை அச்சுக்கு அனுப்பவில்லை. அது ஹொக்கியன் மொழியினின்று வந்த சொல். தெக் என்பது மூங்கில். கியா என்பது சிறுமையைக் குறிக்கும். கா என்பது அடி அல்லது கால். மூங்கிற்புதரின் அடி என்பது பொருள். ரோச்சோர்க் கால்வாயோரம் ஒருகாலத்தில் மூங்கில் அடர்ந்திருந்தது. அதே இடத்தை மலாய்க்காரர் கண்டாங் கெர்பாவ் என்றனர். எருமைத் தொழுவம் என்று பொருள். கால்வாய் நீரை நம்பி மாட்டு வணிகம் அங்குச் செழித்திருந்தது. அப்பெயரின் முதலெழுத்துகளை இன்றும் தாங்கி நிற்கும் கேகே மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நம்மில் எத்தனையோ பேர் எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்கள் என்று நான் வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பர். ஆனால் பெயரை மறக்கமாட்டார்.

1915இல் கட்டப்பட்ட பழைய சந்தையை 1982இல் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்த புதிய கட்டடத்திற்கு மாற்றியபோது, அதற்கு ஜூஜியாவ் நிலையம் எனப் பெயரிட்டனர். சீனக் கிளைமொழிப் பெயர்களை மாண்டரின் ஒலிப்பில், பின்யின் முறைப்படி எழுதும் கொள்கை ஓங்கியிருந்த காலம் அது. நீ சூன் யீஷூன் ஆனதும் அக்காலத்தில்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூஜியாவ் என்பதற்கும் மூங்கிலடி என்பதே பொருள். சீன எழுத்தில் நோக்கினால் மாற்றம் சிறிது. பொருள் மாறவில்லை. பெயர் மட்டும் மாறிற்று. ஆனால் இடப்பெயரின் உயிர் பொருளில் இல்லை, ஒலியில் உள்ளது. ஹொக்கியன் அறியாத தமிழரும் மலாய்க்காரரும் பொருளைக் கருதியா தேக்கா என்றனர்? தாயும் பாட்டியும் சொன்ன ஒலி அது. தமிழர் நாவில் அச்சொல் வேற்றுமை ஏற்று, வகர உடம்படுமெய் பெற்று, தேக்காவுக்கு, தேக்காவில், தேக்காவிலிருந்து என்று நம் இலக்கணத்திற்குள் குடியேறி நெடுநாள் ஆகியிருந்தது. புதிய பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே மக்கள் பழைய பெயரைச் சொல்லிவந்தனர். 2000ஆம் ஆண்டில் அந்நிலையம் தேக்கா நிலையம் என மீண்டும் பெயர் பெற்றது.

அப்பெயரை மீட்டது எந்தச் சட்டமுமன்று. நாள்தோறும் காய்கறி வாங்கச் சென்றோரின் நா. எனவே எல்லாப் பெயரும் இவ்வாறே தப்பிக்கும் என்று நம்பியிருக்கலாகாது. சந்தை அங்கேயே இருந்தது. ஆகவே பெயரும் இருந்தது. சுண்ணாம்புக் காளவாய் போயிற்று. அதன் பெயரும் போய்க்கொண்டிருக்கிறது. கிராஸ் ஸ்திரீட்டைத் தமிழர் பால்கடைச் சடக்கு என்றனர். பால் விற்ற கடைகள் மறைந்தபின் அப்பெயர் ஏட்டில் மட்டும் எஞ்சியது. மார்க்கெட் ஸ்திரீட் அவர்களுக்குச் செட்டித் தெரு. அங்கிருந்த நகரத்தாரின் கிட்டங்கிகள் நகர்ச் சீரமைப்பில் இடிக்கப்பட்டன. கிடங்கு என்னும் சொல் மலாயில் குடாங் ஆகி, ஆங்கிலத்தில் கோடவுன் ஆகி, உலகம் சுற்றிய சொல். அச்சொல் பொருளோடு வழங்கிய தெருவில் இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன.

பழம்பெயர் என்பதனாலேயே ஒன்றை மீட்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இன்றைய சூலியா ஸ்திரீட் முன்னர் கிளிங் ஸ்திரீட் எனப்பட்டது. கிளிங் என்பது கலிங்கத்தோடு தொடர்புடைய சொல்லாயினும், வழக்கில் இழிவுக் குறிப்பேற்றது. இந்தியரின் வேண்டுகோளை ஏற்று 1920களின் தொடக்கத்தில் அத்தெருப்பெயர் மாற்றப்பட்டது. அம்மாற்றம் முறையானது. மாற்றிய செய்தியையும் அதன் காரணத்தையும் பதிவு செய்தலே நம் கடன்.

இங்கு என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று, ஒலிப்பதிவுக் கருவியோடு திண்ணைகளில் அமர்ந்து வட்டார வழக்குகளைத் தொகுத்தேன். என் தாயார் சிங்கப்பூரில், அடுக்களையில் இருந்தார். சிராங்கூன் சாலைச் சந்து ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். தெருப்பலகையில் உள்ள பெயர் அவருக்குத் தேவைப்பட்டதேயில்லை. ஒருமுறை அவர் சுண்ணாம்புக் கம்பம் என்றபோது, லிட்டில் இந்தியா என்று சொல்லுங்கள் அம்மா என நான் திருத்தினேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. என் முன்னிலையில் அப்பெயரை அவர் பின்னர்ச் சொன்னதாக நினைவில்லை. அவர் மறைந்தபின், தாளை எடுத்து அவர் வழங்கிய பெயர்களை எழுத அமர்ந்தேன். நான்கு பெயர்கள் வந்தன. அவற்றுள் ஒன்று எந்தச் சந்து என்பது எனக்குத் தெரியவில்லை.

1979 முதல் இங்கு வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் தொகுக்கப்பட்டுவருகின்றன. அவற்றுள் தமிழில் அமைந்தவையும் உள. முதலில் அவற்றைக் கேட்டு, இடப்பெயர் வரும் இடங்களைக் குறித்தல் வேண்டும். பின்னர் எண்பது கடந்தோரிடம் செல்ல வேண்டும். ஊர்ப்பெயர் என்ன என்று கேட்டால் அவர்கள் அரசு வழங்கும் பெயரையே சொல்வர். பால் எங்கே வாங்கினீர்கள், திருவிழாவுக்கு எவ்வழியாக நடந்தீர்கள், அம்மா எங்கே போகக் கூடாது என்றார் எனக் கேட்டால் பெயர்கள் தாமே வரும். வந்த ஒலியை வந்தவாறே எழுதுக. எழுத்துத் தமிழுக்குத் திருத்த வேண்டா. சொன்னவர் எத்தெருவில் எந்த ஆண்டுகளில் வாழ்ந்தார் என்பதையும் உடன் குறிக்க. ஓர் இடத்திற்கு இரு குடும்பங்கள் இரு பெயர் சொன்னால் இரண்டையும் பதிக. மன்றத்தின் ஆதரவில் இப்பணிக்கு முன்வரும் மாணவர்களுக்கு நான் எழுதி வைத்துள்ள அந்த நான்கு பெயர்களையும் தருவேன். நான்காவது எந்தச் சந்து என்று அவர்கள் யாரிடமேனும் கேட்டறிந்து வரக்கூடும்.