கிளைக்குப் பொறுப்பானவருக்கு எவ்வளவு சம்பளம்?

வெள்ளவத்தைப் பள்ளியில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது புடவை வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர் என்னைப் பிடித்துக்கொண்டார். தெஹிவளையில் புதிதாக ஒரு கிளை திறக்கிறாராம். "ஹாஜியார், கிளையப் பாத்துக்கொள்றதுக்கு நல்ல ஒரு பொடியன் கிடைச்சிருக்கான். எவ்வளவு பேசலாம்?" என்று கேட்டார். ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நான் நடந்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பிழையான பதிலைக் கொடுத்து 17 வருடப் பழக்கமுள்ள ஒரு மனிதரை இழந்தவன் நான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரிய கம்பனிகளில் இந்தப் பிரச்சினை குறைவு. கிளை முகாமையாளருக்கு ஒரு தரம் இருக்கும். தரத்துக்கு ஒரு சம்பளம் இருக்கும். பொருளின் விலையைத் தலைமையகம் தீர்மானிக்கும். கடன் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இராது. எமது கடைகளிலோ கிளையில் இருப்பவர்தான் எல்லாம். சாவி அவரிடம், லாச்சி அவரிடம், கடன் கொப்பி அவரிடம். ஒரு சேலைக்கு 500 ரூபா குறைப்பதா 1,000 ரூபா குறைப்பதா என்பதையும் அவரே நின்ற நிலையில் முடிவு செய்கிறார். பெயர் சம்பளக்காரர், செய்வது பாதி முதலாளியின் வேலை.

எனக்கு வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு கடை, கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை. கிளையை 2011இல் திறந்தோம். அதற்குப் பொறுப்பாக நான் அனுப்பியவர் 2006இல் 18 வயதில் எம்மிடம் வேலைக்கு வந்த புத்தளம் பக்கத்துத் தம்பி. வெள்ளவத்தையிலும் ஒருவர் பொறுப்பாக இருந்தார். இருவருக்கும் ஒரே பேச்சு: அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் மாத விற்பனையில் நூற்றுக்கு ஒன்று. இருவருக்கும் சமமாக நீதி செய்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு இடமும் ஒன்றல்ல. வெள்ளவத்தைக்கு ஜூலை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும் இலண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு ஒரே பில்லில் 3 இலட்சத்துக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். கொட்டாஞ்சேனையில் வாடிக்கையாளர் பக்கத்து ஒழுங்கைக்காரர். தீபாவளிக்கும் நத்தாருக்கும் பாடசாலை தொடங்கும் காலத்துக்கும் வருவார். பாதிக் காசைத் தந்து மீதியைக் கொப்பியில் எழுதச் சொல்வார். அங்கே 3 இலட்சம் விற்க நாற்பது, ஐம்பது பில் போட வேண்டும். அந்தக் கடனைத் திரும்ப எடுக்க வீடு வீடாக முகம் கோணாமல் பேச வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் கொமிஷனைப் பார்த்தால், வெள்ளவத்தைக்காரர் எடுத்ததில் பாதிகூட கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு வராது. உழைப்புக்கு அல்ல, கடை இருந்த வீதிக்கே நான் கொமிஷன் கொடுத்திருக்கிறேன்.

விற்பனைக்குக் கொமிஷன் கொடுப்பதில் இன்னொரு பள்ளமும் உண்டு. ஒரு கிளையில் மாதம் 30 இலட்சம் விற்கிறது, சரக்கின் கொள்விலை 22 இலட்சத்து 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த இலாபம் 7 இலட்சத்து 50 ஆயிரம். நூற்றுக்கு ஒன்று என்றால் பொறுப்பாளருக்கு 30,000 ரூபா. இப்போது அவர் எல்லாப் பொருளிலும் நூற்றுக்கு ஐந்து குறைத்துக் கொடுக்கிறார். அதனால் பத்து வீதம் கூடுதலாகச் சரக்கு போகிறது. விற்பனை 31 இலட்சத்து 35 ஆயிரம். அவருடைய கொமிஷன் 1,350 ரூபா கூடிவிட்டது. ஆனால் கொள்விலை 24 இலட்சத்து 75 ஆயிரம் ஆகிவிட்டதால் மொத்த இலாபம் 6 இலட்சத்து 60 ஆயிரம்தான். அவருக்கு 1,350 ரூபா கிடைப்பதற்காக முதலாளிக்கு 90,000 ரூபா போய்விட்டது. யாரும் களவெடுக்கவில்லை. பேசிய பேச்சுப்படி எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். எங்கள் வெள்ளவத்தைக் கடையில் சில வருடங்களாக இதுதான் நடந்தது. "விற்பனை கூடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்" என்று நானும் சந்தோஷமாக இருந்தேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பியின் கதை வேறு. 2016இல் அவர் கல்யாணம் முடித்தபோது நான் வாயால் ஒரு வார்த்தை சொன்னேன்: ஐந்து வருடம் நன்றாக நடத்தினால் அந்தக் கிளையில் ஒரு பங்கு தருவேன் என்று. எத்தனை வீதம் என்று சொல்லவில்லை. எதற்கு "நன்றாக" என்று சொல்வது என்பதையும் சொல்லவில்லை.

பிறகு வந்த வருடங்கள் எல்லோருக்கும் தெரியும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் எமது கிளையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். வாடிக்கையாளரில் பெரும்பாலானோர் கத்தோலிக்க, இந்துச் சகோதரர்கள். முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பேச்சு நாடெங்கும் ஓடிய அந்த மாதங்களில் தம்பி கடையை மூடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்த வீடுகளில் துக்கம் விசாரிக்கப் போனார். ஒருவர், இருவராக ஆட்கள் திரும்பி வந்தார்கள். எனக்காக அல்ல, அவருடைய முகத்துக்காக. 2020 ஒக்டோபரில் கொரோனாவுக்காகக் கொழும்பு வடக்கை மூடினார்கள்; கடையும் மூடியது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவையும் தாண்டியது.

இந்தக் காலம் முழுக்க அவருடைய கொமிஷன் சில மாதங்களில் பூச்சியம், சில மாதங்களில் சில ஆயிரம். அவ்வப்போது 20,000 ரூபாவைக் கையில் கொடுத்து "வீட்டுச் செலவுக்கு வச்சிக்கங்க தம்பி" என்றேன். நான் உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டேன்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடம் கொட்டாஞ்சேனை விற்பனை ரூபாக் கணக்கில் கூடியது, ஆனால் விற்ற துண்டுகள் குறைந்தன. நான் ரூபாவைப் பார்த்து "கடை பரவாயில்லையே" என்றேன். அவர் துண்டுகளை எண்ணிப் பார்த்து வருந்தினார். 2021இல் எழுதிய இலக்கு 2022இல் வெறும் கடதாசி. விற்பனை இலக்கு வைப்பவர்கள் ரூபாவோடு பில் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றேன்.

2023இல் ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவர் கேட்டார்: "ஹாஜியார், அந்தப் பங்கு விசயம்?"

"நெலம தெரியுந்தானே தம்பி, பொறகு பாப்பம்."

"பொறகு எண்டா எப்ப ஹாஜியார்?"

பதில் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் விலகினார். அதே வீதியில் சற்றுத் தள்ளிச் சிறிதாக ஒரு கடை போட்டார். கொப்பியில் இருந்த சுமார் 6 இலட்சம் ரூபா கடனில் பாதி யாருடையது, எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எல்லாம் அவர் தலைக்குள் இருந்த விபரம்.

அத்தோடு தொழில் திணைக்களத்திலிருந்து கடிதமும் வந்தது. இந்த இடத்தை வியாபாரிகள் கவனித்து வாசியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதம், எமது 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு எமது 3 சதவீதம். இவற்றை 40,000 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான் கட்டி வந்தேன். கொமிஷன் சராசரியாக 45,000 வந்த நல்ல காலத்திலும் அப்படியே. ஆனால் சட்டத்தில் கொமிஷனும் சம்பாத்தியம்தான். அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது சாப்பாடு. எமது கடைகளில் பகல் சாப்பாடு முதலாளியின் கணக்கில் வருவது வாப்பா காலத்து வழக்கம். அந்தச் சாப்பாட்டின் காசுப் பெறுமதியும் சேமலாப நிதிக் கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. சாப்பாட்டுக்கு மாதம் 10,000 என்று போட்டால், நான் கட்டாமல் விட்ட தொகை 55,000 ரூபாவுக்குரிய 20 சதவீதம், அதாவது மாதம் 11,000. வருடத்துக்கு 132,000. ஒரு வருடத்துக்கு மேல் பிந்தினால் மேலதிக அறவீடு 50 சதவீதம். ஊழியரின் 8 சதவீதத்தைப் பிந்திப் போய் அவரிடம் வெட்டவும் முடியாது. முழுவதும் என் கையிலிருந்து போனது.

பணிக்கொடை வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில், ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். இரண்டு கடையிலும் சேர்த்து எம்மிடம் 19 பேர். 17 வருடத்துக்கு 340,000 ரூபா. அவர் தானாக விலகினாலும் கொடுக்க வேண்டும், முப்பது நாட்களுக்குள்.

கசப்போடுதான் எல்லாவற்றையும் கட்டினேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு ஆறுதலாக உட்கார்ந்து யோசித்தபோது, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே செட்டியார் தெருவில் ஒரு காலத்தில் இதே கேள்விக்கு ஒழுங்கான பதில் வைத்திருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் கிளையை நடத்தியவர் சம்பளத்துக்கு வந்த மேலாள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாள் ஆகலாம். வழக்கமாக மூன்று வருடத் தவணை. முழுத் தவணைக்கும் சம்பளம் முன்கூட்டியே பேசப்படும்; அதில் ஒரு பகுதி புறப்படும் முன்பே குடும்பத்துக்குக் கையில் கிடைக்கும். சாப்பாடும் தங்குமிடமும் கடையில். தவணை முடிந்து ஐந்தொகை பார்த்து இலாபத்தில் ஒரு பகுதி. அவர்களுடைய வட்டித் தொழில் எமக்கு ஆகாது. ஆனால் ஆளோடு கணக்குப் பேசிய முறையில் எமக்குப் பாடம் உண்டு. தவணை என்று ஒன்று இருந்ததால் "பொறகு எண்டா எப்ப" என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

எமது மார்க்கத்திலும் இது புதிதல்ல. கதீஜா ரழியல்லாஹு அன்ஹா அவர்கள் தமது சரக்கை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு அனுப்பியபோது, மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பேசியே அனுப்பினார்கள் என்று ஸீரா நூல்களில் வருகிறது. நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு, அதை முதலிலேயே பேசிக்கொள்ளலாம் என்பதற்கு வேறு ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முழாரபா என்று சொல்லிவிட்டு அதே ஆளுக்கு நிரந்தரச் சம்பளமும் சேர்த்துக் கொடுத்தால் அது முழாரபாவாகாது என்பது உலமாக்கள் பலரின் கருத்து. சம்பளக்காரருக்குக் கொடுக்கும் ஊக்கக் கொடுப்பனவு வேறு, பங்காளியின் பங்கு வேறு. எதைப் பேசுகிறோம் என்று ஒரு மவுலவியிடம் கேட்டுத் தெளிந்துவிட்டு எழுதுவது நல்லது.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். சரி என்று வாதாட வரவில்லை. அடிப்படைச் சம்பளத்தை விற்பனையைப் பார்த்துப் போடுவதில்லை. சாவி, லாச்சி, கடன் கொப்பி, எத்தனை ஊழியர் என்ற பொறுப்பைப் பார்த்துப் போடுகிறேன். ஆகவே கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் அடிப்படை ஒன்றே. அதற்கு மேல் மொத்த இலாபத்தில் நூற்றுக்கு நான்கு. மேலே சொன்ன உதாரணத்தில் 7 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு அதே 30,000 வரும். விலையைக் குறைத்து விற்றால் 26,400 ஆக இறங்கும். இருப்பெடுக்கும்போது காணாமல் போன சரக்கும், 90 நாளுக்கு மேல் வராத கடனும் அந்த இலாபக் கணக்கில் கழிக்கப்படும். குறைந்த சரக்கை அவருடைய சம்பளத்தில் வெட்டுவது வேறு விடயம். நினைத்தபடி அப்படிச் செய்யச் சட்டம் இடம் தராது. கடை மூடிக் கிடந்தால் மூன்று மாதத்துக்கு முந்திய வருடச் சராசரியில் பாதி. எல்லாம் நியமனக் கடிதத்தோடு ஒரு பக்கத்தில், இருவர் கையெழுத்தோடு.

அடிப்படையைக் கூட்ட வேண்டியதற்கு இன்னொரு காரணமும் வந்துவிட்டது. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபா. அது 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று சட்டத்தில் எழுதப்பட்டது. நேற்றுச் சேர்ந்த பையனுக்கு 30,000 கொடுத்துவிட்டு, அவனுக்கு வேலை பழக்கிக் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறவருக்கு இன்னும் 40,000இலேயே நின்றால், கட்டாரிலிருந்து வரும் முதல் தொலைபேசி அழைப்புக்கே அவர் போய்விடுவார். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரியும் இல்லை. கணக்கில் ஒழுங்காகக் காட்டிக் கொடுக்கப் பயப்பட ஒன்றுமில்லை.

பள்ளி வாசலில் கேட்ட சகோதரரிடம் இதையெல்லாம் சொல்ல நேரம் போதவில்லை. "தொகையை ரெண்டாவதாப் பேசுங்க, எதுக்குக் கொடுக்கிறீங்க எண்டத முதல்ல எழுதுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "பொடியன் என்ட சாச்சாட மகன்தான் ஹாஜியார், எழுதுறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.